மாப்பிள்ளையை வாசிக்கச் சொல்லக் கூடாது

“வெள்ளை பதினொண்ணே கால் கிலோ, கறுப்பு பதினாலு,” என்றார் மணிமுத்து. “இப்ப இதுல எத எடுக்க?”

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில், தன் கமிஷன் கடையில், சின்ன வெங்காயம் நிறுக்கும் தராசின் மேல் ஒரு டிஜிட்டல் பியானோவை ஏற்றி வைத்துக்கொண்டு அவர் இதைக் கேட்டார். சுற்றி நின்ற யாவாரிகள் யாருக்கும் பதில் தெரியவில்லை. டெம்போ டிரைவர் சொரிமுத்துதான் துணிந்து வாயைத் திறந்தான்.

“கனமா இருக்கதுதான் அண்ணாச்சி நல்ல சரக்கு. பூசணிக்காயில அப்பிடித்தான?”

“வெண்டைக்காயில அப்பிடி இல்லயே லே. கனத்தா முத்தல்லா.”

பியானோ பூசணி ஜாதியா வெண்டை ஜாதியா என்று தெரியாமல் மணிமுத்து சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தென்காசி சேக் தாவூது பாய் கடையில் இரண்டையும் காட்டியபோது, “ரெண்டையும் குடுத்து விடும் பாய், பிரிச்சுப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பி அனுப்புதேன்” என்று சொல்லித் தூக்கி வந்துவிட்டார். மார்க்கெட்டில் அதுதான் வழக்கம். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, அடியில் கிடப்பதைக் கிளறி, ஒன்றை எடுத்துக் கடித்தும் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். மைக்கும் ஸ்பீக்கரும் விற்கிற பாய்க்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லைதான். ஆனால் அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வெங்காயம் மணிமுத்து கடையிலிருந்துதான் போகிறது. மனுஷர் என்ன செய்வார்?

கொண்டு வந்தாயிற்று. பிரித்தாயிற்று. கடித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மேலகரத்தில் அவர் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் பியானோ வாசிக்கத் தெரியாது.

வாசிக்கத் தெரியாத வீட்டுக்குப் பியானோ எதற்கு என்று கேட்கக் கூடாது. அது மாப்பிள்ளைக்கு.

மகள் ஸ்வாதிக்கு இருபத்தொன்பது முடிகிறது. தென்காசியில் பேங்கில் வேலை. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, வெற்றிலை பாக்கு மாற்றுகிற வரைக்கும் போய், இரண்டும் கலைந்து போயின. தெருவில் நல்லது கெட்டதுக்கு நாலு பேர் கூடினால், “பொண்ணுக்கு ஒண்ணும் அமையலியாக்கும்?” என்று மணிமுத்துவின் முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கென்றே இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அவர் துக்கம் கேட்கத் துஷ்டி வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தார். இந்த மூன்றாவது இடமும் போனால் பெண் வீட்டோடுதான் என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

மாப்பிள்ளை குற்றாலீஸ்வரனுக்கு அரசாங்க உத்தியோகம், அடிக்கடி வெளியூருக்குக் கேம்ப் போகிற வேலை. சொந்த வீடு இலஞ்சியில். அப்பா இல்லை. எல்லாம் தாய்மாமன் நம்பிராஜன்தான், ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த மனிதர் ஸ்வாதியைப் பாடச் சொன்னார். பாடினாள். அடுக்களை வரை நடந்து போய்த் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். நடந்தாள். செய்தித்தாளில் பொடி எழுத்தாக ஓர் இடத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கண்ணாடி போடாமல் வாசித்தாள். ஸ்டேஷனில் அங்க அடையாளம் எழுதுகிறவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “எங்களுக்கு எதுவும் வேண்டாம்.”

எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

“பையனுக்குப் பியானோன்னா உசுரு பாத்துக்கிடும். நாங்க கேக்கல. நீராப் பாத்துச் செஞ்சா வேண்டாம்னு சொல்ல மாட்டோம்.”

பிறகு வாட்ஸ்ஆப்பில் இரண்டு மாடல் பெயர் வந்தது. ‘இதில் எது நல்லதோ அது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

எது நல்லது? பாய் போனில் விளக்கினார்.

“ரெண்டுலயும் எம்பத்தெட்டு கட்ட அண்ணாச்சி. கறுப்புல கட்ட கனமா அமுங்கும், வெள்ளைல லேசு. வெள்ளை பேட்டரிலயும் ஓடும், கறுப்புக்குக் கரண்டுதான். கறுப்புல ஹெட்போன் மாட்ட ரெண்டு ஓட்ட, வெள்ளைல ஒண்ணு. அப்பொறம், கறுப்புல ஒரே நேரத்துல நூத்தி தொண்ணூத்திரெண்டு சத்தம் கேக்கும். வெள்ளைல நூத்தி இருபத்தெட்டு.”

“மனுசனுக்கு வெரலு பத்துதான பாய்?”

“அத என்கிட்ட கேட்டா? கம்பெனிக்காரன் சொல்லுதான், நான் சொல்லுதேன்.”

மனைவி சங்கரேஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசியில், “எதுக்கு இம்புட்டுப் பாடு?” என்றாள். “மாப்ளய ஒரு நா கூப்பிட்டு ரெண்டையும் வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்க. முடிஞ்சு போச்சு.”

“மாப்ளய வாசிக்கச் சொல்லதா? கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? சம்மந்தி வீட்டுல என்ன நெனப்பாவ?”

“என்னய மட்டும் பாடச் சொன்னாவளே?” என்றாள் ஸ்வாதி.

“நீ பொண்ணு.”

“அவரு?”

“மாப்ள.”

இதைவிடத் தெளிவாக அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்வாதி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனாலும் மனைவி சொன்னது காதில் குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் நம்பிராஜனுக்குப் போனைப் போட்டு, சுற்றி வளைத்து, இழுத்து, “மாப்ள ஒரு தடவ வந்து கைய வச்சுப் பாத்தாவன்னா எங்களுக்கும் ஒரு திருப்தியா...” என்று சொல்லி முடிக்கவில்லை.

“என்ன வே, மாப்ளைக்குப் பரிச்ச வைக்கீரா?”

“ஐயோ, அப்பிடி இல்ல அண்ணாச்சி...”

“பியானோ தெரியாமத்தான் பியானோ கேக்கான்னு நெனைக்கீரு. அப்பிடித்தான? அவன் வாசிப்பான்னு நான் சொல்லுதேன். என் வார்த்த பத்தாது உமக்கு!”

போன் கட் ஆகிவிட்டது. சங்கரேஸ்வரி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “போச்சா? மூணாவதும் போச்சா?” என்று ஓர் அழுகை. கூப்பிடச் சொன்னதே அவள்தான் என்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த மணிமுத்துவுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். நம்பிராஜன் சீசனுக்கென்று குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்தார். லாட்ஜில் ஆள் இல்லை. விசாரித்ததில், ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் மசாஜுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். போனார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. பலகையில் குப்புறப் படுத்திருந்த முதுகுகளில் எது சம்மந்தியின் முதுகு என்று கண்டுபிடிப்பதே பெரிய பாடாக இருந்தது. வேறு யாரோ ஒருவரின் முதுகிடம் அரை மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சரியான முதுகு கிடைத்தது.

“அண்ணாச்சி, மன்னிக்கணும்.”

“யாரு?” என்றது முதுகு.

“நாந்தான். பொண்ணோட அப்பா.”

“எந்தப் பொண்ணு?”

மணிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சிரித்தார். பெண்ணைப் பெற்றவன் சிரிக்கிற சிரிப்புக்குத் தனியாக ஒரு பெயர் வைக்கலாம்.

“மேலகரம், ஸ்வாதியோட அப்பா அண்ணாச்சி. நான் ஏதோ தெரியாத்தனமா, யாவாரப் புத்தியில...”

மசாஜ்காரர் முதுகில் பட்டென்று ஓர் அறை விட்டார். நம்பிராஜன் ‘ஹம்’ என்றார். அது மன்னித்ததற்கா அறைக்கா என்று தெரியவில்லை.

“நீரு வெங்காய யாவாரி. உமக்கு மனுசனும் மூட்டதான். சரி, போவுது. ரெண்டையும் நாளைக்கு என் ரூமுக்குக் கொண்டு வாரும். பையன வரச் சொல்லுதேன். அவனாப் பாப்பான். நீரு ஒண்ணும் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“வாசிக்கச் சொல்லக் கூடாது.”

“சத்தியமாச் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் சொரிமுத்துவின் டெம்போவில் இரண்டு பியானோவும் குற்றாலம் போயின. வெங்காய மூட்டைக்குப் போடுகிற தார்ப்பாயைப் போட்டுத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் வெங்காயத்துக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று அந்தத் தார்ப்பாயில் அங்கங்கே ஓட்டை போட்டு வைத்திருந்தது மணிமுத்துவேதான். கறுப்புப் பியானோவின் அட்டைப்பெட்டி சாரலில் ஊறிப்போய், தூக்கும்போது அப்பளம் மாதிரி கையோடு வந்தது.

லாட்ஜ் அறையில் இரண்டு கட்டில். ஆளுக்கொரு கட்டிலாக இரண்டையும் படுக்க வைத்தார்கள். நம்பிராஜனுக்கு உட்கார இடமில்லாமல் ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டார். மணிமுத்து நின்றார். மரியாதைக்கு ஒரு தட்டில் பழமும் அல்வாவும் வாங்கி வைத்திருந்தார்.

குற்றாலீஸ்வரன் வந்தான். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, அளவான சிரிப்பு. “வாங்க” என்றான். கறுப்புப் பியானோவின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தான். டங். பிறகு வெள்ளையின் மேல் அதே விரலை வைத்தான். டங்.

“பாத்தீரா?” என்றார் நம்பிராஜன். “ஞானம்! ஒத்த வெரல்லயே எடை போட்டுட்டான். சும்மா பெரட்டிப் பெரட்டி வாசிக்கவன் எல்லாம் அரைகொறை.”

“ஆமா அண்ணாச்சி,” என்றார் மணிமுத்து. உண்மையிலேயே அவருக்குப் புல்லரித்தது.

குற்றாலீஸ்வரன் போனை எடுத்து இரண்டு பியானோவையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீடியோ எடுத்தான். பின்பக்கத்து ஓட்டைகளை எடுத்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய் யாருடனோ தணிந்த குரலில் பேசினான். திரும்பி வந்து முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டான்.

“ஹெட்போன் ரெண்டு மாட்டலாம்ல? ஒரே நேரத்துல ரெண்டு பேரு கேக்க மாதிரி?”

மணிமுத்து முந்திக்கொண்டார். “கறுப்புல மாட்டலாம். கறுப்புல ரெண்டு ஓட்ட,” என்றார். வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டார். “ஏட்டி, மாப்ள ரெண்டு ஹெட்போன் கேக்காவ! நம்ம ஸ்வாதியும் கூட ஒக்காந்து கேக்கணுமாம்!” அந்தப் பக்கம் சங்கரேஸ்வரி அழுதே விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மணிமுத்து அவளோடு சேர்ந்து உட்கார்ந்து ரேடியோகூடக் கேட்டதில்லை.

இந்த ஆனந்தத்தில் யாரும் கதவைச் சாத்தவில்லை. பழத்தட்டைப் பார்த்துக்கொண்டு வராந்தாக் கம்பியில் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்த குரங்கு உள்ளே வந்தது. நம்பிராஜன் போலீஸ் குரலில் “ஏய்!” என்று அதட்டினார். குரங்கு பயந்து வெள்ளைப் பியானோவின் மேல் குதித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, திரும்பியும் ஓடியது. அன்றைக்கு அந்த அறையில் வாசிக்கப்பட்ட நீளமான சங்கீதம் அதுதான். ஓடிய களைப்பிலோ பயத்திலோ கட்டைகளின் மேலேயே ஒன்றுக்கும் போனது. பிறகு பழத்தை விட்டுவிட்டு, கறுப்புப் பியானோவின் கரண்ட் அடாப்டரை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

“பழத்த எடுக்காம அத எதுக்கு அண்ணாச்சி எடுத்துச்சு?” என்றான் சொரிமுத்து.

“போய் அதுகிட்ட கேளு லே!”

சேக் தாவூது பாய் இரண்டையும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளையை நாலு மாசம் வெயிலில் வைத்தாலும் கழுவினாலும் திரும்ப எடுக்க முடியாது. கறுப்புக்குப் பெட்டியும் இல்லை, அடாப்டரும் இல்லை. “ரெண்டும் ஒங்களுதுதான் அண்ணாச்சி” என்றார். மணிமுத்து தலையாட்டினார். கறுப்புக்குப் புது அடாப்டர் வாங்கினார். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சியதே, கல்யாணம் கலையாமல் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு நம்பிராஜன் போன் செய்தார்.

“பையன் யோசிச்சுப் பாத்தானாம். கறுப்புல கட்ட ரொம்பக் கனமாம். ரொம்ப நேரம் வாசிச்சா வெரலு வலிக்குமாம். லேசாத்தான் வேணுமாம்.”

“மாப்ள வெரலா அண்ணாச்சி?”

“பின்ன என் வெரலா?”

மணிமுத்து இதை வீட்டில் சொன்னதும் சங்கரேஸ்வரி யோசித்தாள். “அந்தத் தம்பிக்கு ஒவ்வொரு வெரலும் நல்ல நேந்திரம்பழம் மாதிரில்லா இருந்துச்சு? அதா வலிக்கும்?”

“சங்கீதக்காரன் வெரலு உள்ளுக்குள்ள மென்மையா இருக்கும். ஒனக்குத் தெரியாது.”

லேசான கட்டை வெள்ளையில். இரண்டு ஓட்டை கறுப்பில். புதிதாக ஒரு வெள்ளை வாங்கி, ஒற்றை ஓட்டையில் இரண்டு ஹெட்போன் செருகுகிற மாதிரி ஒரு கவட்டை வயர் போட்டுக்கொள்ளலாம் என்று பாய் யோசனை சொன்னார். மணிமுத்து பணிவாக இதை எழுதி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘அப்படிப் போட்டால் சத்தம் குறையும் என்கிறார்கள்.’

என்கிறார்கள் என்றால் யார்? மணிமுத்துவுக்கு அது உறுத்தவில்லை. ஆபீஸில் பெரிய பெரிய ஆட்களைக் கலந்துதான் முடிவெடுக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

“ரெண்டும் சேந்த மாதிரி புது மாடல் ஒண்ணு வந்திருக்கு,” என்றார் பாய் கடைசியில். “லேசான கட்ட, ரெண்டு ஓட்ட. பேட்டரிலயும் ஓடும். சென்னைல இருந்து வரணும். வெலதான் ஏணி வச்சாலும் எட்டாது.”

“வரச் சொல்லும்.”

அப்படியாக மூன்றாவது பியானோ வந்தது. இதை அவர் தராசில் வைக்கவில்லை. கடை வாசலில் இறக்கக்கூட விடவில்லை. வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைத்து, மேலே ஒரு பட்டு வேட்டியை மூடினார்.

ஹாலில் மூன்று பியானோவும் கிடந்தன. காலை வைக்க இடமில்லை. பேங்கிலிருந்து வந்த ஸ்வாதி பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“கத்திரிக்கான்னா மூட்டையக் கொட்டிப் பாப்பிய. பூச்சி இருக்கான்னு கிள்ளிப் பாப்பிய. மூணு பியானோ வாங்கியாச்சு. இவரு ஒரு தடவகூட முழுசா ஒண்ணு வாசிக்கலயே, ஏன்னு கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலியா? என்கிட்டயும் போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்காரு. எனக்கு என்னவோ சரியாப் படல.”

“என்ன சரியாப் படல?”

“தெரியல. ஒரு தடவ வாசிக்கச் சொல்லுங்க. அதுக்குக் கோவப்பட்டா, அந்த ஆளு எனக்கு வேண்டாம்.”

மணிமுத்துவுக்கு வந்ததே கோபம். மாசக்கணக்காக யார் யாரிடமோ குனிந்த முதுகு, அந்த நேரம் பார்த்து நிமிர்ந்தது. நிமிர்வதற்கு அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

“வேண்டாமா? ஒனக்கு வேண்டாமா? இருபத்தொம்பது வயசு முடியப் போவுது, ரெண்டு பேரு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டானுவ, இப்ப நீ வேண்டாங்கியாக்கும்! நீ கல்யாணம் பண்ணப் போறியா, கச்சேரி வைக்கப் போறியா? ஒழுங்கா தாலியக் கட்டிக்கிட்டு என் தலைய நிமிர வை. அம்புட்டுத்தான் நான் ஒன்கிட்ட கேக்கது.”

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. சங்கரேஸ்வரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஸ்வாதி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவள் குரங்கு ஓடிய வெள்ளைப் பியானோவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக்கொண்டே போனாள். நடுவில் சில கட்டைகளிலிருந்து சத்தம் வரவில்லை. வராத கட்டையை இரண்டாவது தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையே போன் செய்தான். அதுவும் நேராக. நம்பிராஜன் இல்லாமல்.

“மாமா...”

அந்த ஒரு வார்த்தைக்கு மணிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“சொல்லுங்க மாப்ள!”

“பியானோவ மண்டபத்துல சீர் சாமானோட வைக்க வேண்டாம் மாமா. கூட்டத்துல ஆளாளுக்கு அமுக்கிப் பாப்பாங்க. நேரா வீட்டுக்கு அனுப்பிருங்க. லொகேஷன நான் டிரைவருக்கே அனுப்பிருதேன். நீங்க அலைய வேண்டாம்.”

“தூக்கி வைக்க ரெண்டு ஆள் அனுப்பட்டா?”

“ஐயையோ, வேண்டாம் மாமா. டிரைவர் ஒருத்தரு போதும்.”

“பாத்தியா, என்ன ஒரு பணிவு!” என்று மனைவியிடம் சொன்னார். “ஆள்கூட வேண்டாங்காவ. நமக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நெனைக்காவ.” சீர் வரிசையில் நடு மையமாகப் பியானோவை வைத்து, முன்பு கலைந்து போன இரண்டு இடத்துக்காரர்களும் வந்து பார்க்கிற மாதிரி ஊரைக் கூட்ட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதை மாமா என்ற அந்த ஒரு சொல்லுக்காக விட்டுக்கொடுத்தார்.

ஆவணியில் நல்ல முகூர்த்தம். தென்காசி மண்டபத்தில் கூட்டம் தாங்கவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டே கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தது. ஹாலுக்குள் பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரம் எல்லாம் வரிசையாக இருந்தன. “எங்க வே, பியானோ, பியானோன்னு சொன்னீரே?” என்று கேட்டவர்களிடமெல்லாம், “அது நேரா மாப்ள வீட்டுக்குப் போயிருச்சுல்லா! சாதாரண சாமானா அது?” என்று மணிமுத்து வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

கெட்டிமேளம் முழங்கியது. மூன்று முடிச்சும் விழுந்தது. மணிமுத்து அட்சதையைத் தூவிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்வாதி குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். துஷ்டி வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கிற இரண்டு பேரும் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இவரே போய் நின்று, கேட்காமலே இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் யாருக்கும் எதையும் ஊற்றியதில்லை.

பந்தியின் கடைசி இலையில் சொரிமுத்து உட்கார்ந்து வேக வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மணிமுத்து பாயச வாளியோடு அவனிடம் வந்தார்.

“என்ன லே, பத்திரமா எறக்கிட்டியா? ஒரு கீறல் விழலியே?”

“ஒரு கீறல் இல்ல அண்ணாச்சி. மாடிப்படிதான் ரொம்பக் குறுகலு. ஒத்தையில ஏத்ததுக்குள்ள நாக்குத் தள்ளிட்டு.”

“மாடியா? இலஞ்சி வீட்டுக்கு ஏது லே மாடி?”

“இலஞ்சியா? மாப்ள அனுப்புன லொகேஷன் செங்கோட்டைலல்லா காட்டுச்சு?”

மணிமுத்து வாளியைக் கீழே வைத்தார். மேடையில் போட்டோக்காரர் ஸ்வாதியை மாப்பிள்ளை பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நெருங்கி உட்கார்ந்தாள்.

“செங்கோட்டைல யாரு லே வாங்கி வச்சா?”

சொரிமுத்து இலையிலிருந்து தலையைத் தூக்கி, வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான்.

“ஒரு அக்கா இருந்தாவ அண்ணாச்சி, பிரிச்ச கையோட ஒக்காந்து ரெண்டு கையாலயும் என்னமா வாசிக்காவங்கிய, வாசிச்சு முடிச்சுட்டு, ‘எங்க வீட்டுக்காரரு ஆசையா வாங்கி அனுப்பிருக்காரு, கேம்ப்ல இருந்து வந்ததும் மொதல்ல அவருக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்’னாவ.”